‘ஐஸ்’: உறக்கத்தைப் பறித்து உள்ளத்தைச் சிதைக்கும் நஞ்சு

ஹெரோயின், கேரள கஞ்சா என்பனவற்றோடு ‘ஐஸ்’ என்ற சொல்லும் எமது நாளேடுகளின் பிராந்தியச் செய்திப் பக்கங்களில் நிரந்தர இடம் பிடித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இத்தனை கிராம் ஐஸ் போதைப்பொருளுடன் இத்தனை வயது இளைஞர் கைது, நீதிவான் முன்னிலையில் ஆஜர், விளக்கமறியல் என்ற அளவில் அச்செய்திகள் முடிந்துவிடுகின்றன. எத்தனை கிராம் என்பதை அறியும் வாசகருக்கு, அந்தப் பொருள் ஒரு மனிதனின் உடலுக்குள் சென்று என்ன செய்கின்றது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. ஹெரோயினைப் பற்றி நாம் அறிந்துவைத்திருப்பதைக் கொண்டே ஐஸையும் விளங்கிக்கொள்ள முயல்கின்றோம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இயல்புடையவை என்பதும், ஐஸ் தரும் நோய் முதலில் வீட்டுக்குள் ஒரு சந்தேகமாகவே தலைகாட்டுகின்றது என்பதும் குடும்பங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய விடயங்களாகும்.

ஐஸ் எனப்படுவது ‘மெத்தம்பெட்டமைன்’ என்னும் இரசாயனத்தின் பளிங்கு வடிவமாகும். பனிக்கட்டித் துண்டுகளைப் போலத் தோன்றுவதனாலேயே இப்பெயர் வந்தது. ஹெரோயின் அபின் செடியிலிருந்து பெறப்பட்டு, நரம்புகளை அடக்கி மயக்கத்தில் ஆழ்த்துவது. ஐஸ் நரம்புகளைத் தூண்டி விழிக்கச் செய்வது. இதற்கு வயலோ பருவமழையோ தேவையில்லை. வேண்டிய இரசாயனங்கள் கிடைத்தால் எந்தக் காட்டுக்குள்ளும், எந்தக் கட்டடத்துக்குள்ளும் இதனைத் தயாரிக்க முடியும். இதன் பெருக்கத்திற்கு இதுவே முதற் காரணம்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் பலர். 1893 ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய இரசாயனவியலாளர் நாகாய் நாகயோஷி இதனை உருவாக்கிவிட்டார். 1919 இல் அகிரா ஒகாதா என்பவர் இதனைப் பளிங்கு வடிவில் பெற்றார். 1938 இல் ஜேர்மனியில் ‘பெர்விட்டின்’ என்ற பெயரில் மாத்திரையாக விற்பனைக்கு வந்த இம்மருந்து, இரண்டாம் உலகப் போரின்போது உறக்கமின்றிப் போரிடுவதற்காக ஜேர்மனியப் படையினருக்கு இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டது. ஜப்பானிலும் ‘ஹிரொபொன்’ என்ற பெயரில் இதே பொருள் படையினருக்கும் தொழிற்சாலை ஊழியருக்கும் கொடுக்கப்பட்டது. போர் முடிந்தபின் எஞ்சிய இருப்புகள் சந்தைக்கு வந்தன. தோல்வியாலும் வறுமையாலும் துவண்டுபோயிருந்த ஒரு சமூகம் அதில் வீழ்ந்தது. 1951 இல் ஜப்பான் தனிச் சட்டம் இயற்றித் தடைசெய்த பின்னரும், 1954 இல் மட்டும் சுமார் 55,000 பேர் அச்சட்டத்தின் கீழ் கைதாகினர். போரின் வடு ஆறாத சமூகத்தினுள் இப்பொருள் எவ்வளவு இலகுவாக வேரூன்றும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

தாய்லாந்தில் இதே இரசாயனம் கஃபீனுடன் கலந்து மாத்திரையாகப் புழங்குகின்றது. இரவு பகலாக லொறி ஓட்டுவோரும் கடலுக்குச் செல்வோரும் அதனை ‘யாமா’ என்றனர். ‘குதிரை மருந்து’ என்பது அதன் பொருள். பின்னர் 1990களில் அரசாங்கமே அப்பெயரை மாற்றி ‘யாபா’, அதாவது ‘பைத்திய மருந்து’ என்று வழங்கியது. முதலில் குதிரையின் வலிமையைத் தருவதாகத் தோன்றி ஈற்றில் பைத்தியத்தில் கொண்டுபோய் விடும் ஒரு பொருளின் வரலாறு முழுவதும் அவ்விரு பெயர்களுக்குள் அடங்கியிருக்கின்றது எனலாம்.

மூளைக்குள் நடப்பது என்னவென்று பார்ப்போம். பசித்தவன் உண்ணும்போதும், பரீட்சையில் சித்தியடைந்தவன் பெறுபேற்றைப் பார்க்கும்போதும், தாய் பிள்ளையை அணைக்கும்போதும் மூளையில் ‘டோபமைன்’ என்னும் சுரப்பு சிறிதளவில் வெளிப்படுகின்றது. ‘இது நல்லது, மீண்டும் செய்’ என்று மூளை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் முறை அது. வேலை முடிந்ததும் நரம்புக் கலம் அதனை மீள உறிஞ்சிக்கொள்ளும். கொக்கெயின் இந்த மீள உறிஞ்சும் வாயிலை அடைத்துவிடுகின்றது. ஐஸ் அதற்கும் ஒருபடி மேலே சென்று, அவ்வாயிலூடாகவே நரம்புக் கலத்தினுள் நுழைந்து அங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கும் டோபமைனை வெளியே கொட்டச் செய்கின்றது. விலங்குகளில் நடத்தப்பட்ட ஆய்வுகளில், உணவு தரும் டோபமைன் உயர்வைப் போலப் பல மடங்கு உயர்வை இவ்வகை மருந்துகள் ஏற்படுத்தியமை பதிவாகியுள்ளது. கொக்கெயினில் பாதியளவு உடலை விட்டு நீங்குவதற்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் போதும். ஐஸில் பாதி நீங்குவதற்கோ 10 முதல் 12 மணித்தியாலங்கள் வரை செல்லும். ஒருமுறை புகைத்தவன் அன்றிரவு உறங்கமாட்டாதவனாகின்றான்.

சேமிப்பைக் கொட்டித் தீர்த்த கலத்தில் மறுநாள் எதுவும் எஞ்சியிருப்பதில்லை. சோற்றில் சுவையில்லை, நண்பரில் நாட்டமில்லை, படுக்கையை விட்டெழ மனமில்லை. அந்த வெறுமையை நீக்குவதற்கு ஐஸ் ஒன்றே வழி என்று மூளை கற்றுக்கொள்கின்றது. தொடர்ந்து பாவிக்கும்போது டோபமைனைக் கையாளும் அந்த வாயில்களே எண்ணிக்கையில் குறைந்துபோகின்றன. போதைக்கு அடிமையானவனின் ‘மனவுறுதியின்மை’ என்று நாம் எள்ளி நகையாடுவதற்குப் பின்னால் இத்தகைய உடல்ரீதியான சிதைவு இருக்கின்றது.

உடலின் ஏனைய பாகங்களும் தப்புவதில்லை. இதயத் துடிப்பும் குருதி அமுக்கமும் உயர்கின்றன. இருபது, முப்பது வயதுகளிலேயே மாரடைப்பும் பாரிசவாதமும் ஏற்பட இது வழிவகுக்கின்றது. நீண்டகாலப் பாவனை இதயத் தசையைத் தளரச்செய்து இதயத்தைச் செயலிழக்க வைக்கின்றது. பசி அற்றுப்போவதால் உடல் மெலிகின்றது. வாய் உலர்ந்து, பற்கள் ஓயாது நெருமப்பட்டு, இனிப்புப் பானங்களை நாடும் விருப்பமும் சேர்ந்துகொள்ள, பற்கள் கறுத்து உதிர்கின்றன. தோலுக்கடியில் பூச்சி ஊர்வது போன்ற உணர்வு தோன்றிச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக் கொள்வோரும் உளர். கர்ப்பிணிகள் பாவித்தால் குறைமாதப் பிரசவம், நிறை குறைந்த குழந்தை, நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல் என்பன நேரலாம்.

எம்மைப் போன்ற வெப்ப நாட்டவர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஐஸ் உடலின் வெப்பத்தை உயர்த்துகின்றது. உச்சி வெயிலில் உழைப்பவனுக்கு இது கட்டுமீறிச் செல்லலாம். உடல் தணலாகக் கொதித்து, தசைகள் சிதைந்து, அச்சிதைவுப் பொருட்களால் சிறுநீரகம் அடைபட்டு உயிர் பிரிகின்றது. இது கிருமியால் வந்த காய்ச்சல் அல்லவாதலால் பரசிற்றமோல் வில்லைகளால் தணியாது. குளிர்ந்த நீரால் உடலை நனைத்துக்கொண்டே வைத்தியசாலைக்கு விரைவதுதான் வழி.

இவையனைத்தையும்விடக் குடும்பங்களைக் குழப்புவது மனத்தில் ஏற்படும் மாற்றமே. ஹெரோயின் பாவிப்பவன் ஒரு மூலையில் மயங்கிக் கிடப்பான். ஐஸ் பாவிப்பவனோ ஆரம்பத்தில் சுறுசுறுப்பானவனாகத் தெரிகின்றான். இரவிரவாகக் கைத்தொலைபேசியையோ மோட்டார் சைக்கிளையோ கழற்றிப் பூட்டுகின்றான். நிறையப் பேசுகின்றான். மதுவின் வாடை எதுவும் அவனிடமிருந்து வீசுவதில்லை. மது எட்டியும் பாராத ஒரு வீட்டில், குறிப்பாக மது முற்றாக விலக்கப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில், ‘எங்கள் பிள்ளை குடிப்பதில்லை’ என்ற நிம்மதியே கண்ணை மறைத்துவிடுகின்றது. மார்க்கம் போதை தரும் அனைத்தையுமே விலக்கியிருக்க, ‘இது சாராயம் அல்லவே’ என்று தமக்குத்தாமே நியாயம் கற்பித்துக்கொள்ளும் இளைஞரும் உள்ளனர். பெற்றோர் கவனிக்க வேண்டியது வாடையை அல்ல, உறக்கத்தையே. இரண்டு மூன்று நாட்கள் உறங்காதிருந்து, அதன்பின் ஒரு முழுநாளோ இரண்டு நாட்களோ அடித்துப் போட்டாற்போல் உறங்கி எழுவது, எழுந்ததும் கடும் பசியும் எரிச்சலும் கொள்வது, மீண்டும் உறங்காதிருப்பது என்ற வட்டம் தொடர்ந்தால் அதற்குக் காரணம் தேடியே ஆகவேண்டும். கரிபிடித்த கண்ணாடிக் குழாய், உடைத்தெடுத்த மின்குமிழ், எரிந்த ஈயத்தாள், அடிக்கடி வாங்கப்படும் லைற்றர் என்பன கண்ணில் பட்டால் ஐயம் வலுப்பெறுகின்றது.

அடுத்து வருவதுதான் நாம் மேலே குறிப்பிட்ட சந்தேகம். பொலிஸார் தன்னை வேவு பார்க்கின்றனர் என்பான். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே கதைக்கின்றனர் என்பான். யன்னல்களைப் பத்திரிகைத்தாளால் மறைப்பான். சாப்பாட்டில் தாய் எதையோ கலந்துவிட்டாள் என்று கோப்பையைத் தள்ளுவான். மனைவியின் தொலைபேசியைப் பறித்து இல்லாத அழைப்புகளைத் தேடுவான். யாரும் பேசாத வேளையில் குரல்கள் கேட்பதாகச் சொல்வான். அடிக்கடி பாவிப்போரில் கணிசமானோருக்கு இவ்வாறான உளமாயத் தோற்றங்களும் பொய்யான நம்பிக்கைகளும் ஏற்படுகின்றன என்பதை மருத்துவ உலகம் நன்கறியும். அவனைப் பொறுத்தவரை அந்த அச்சம் முற்றிலும் உண்மை. ஆகவேதான் வீட்டுக்குள் கத்தி தூக்கப்படுகின்றது. எதிராளி எப்போதும் தாயாகவோ மனைவியாகவோ சகோதரனாகவோதான் இருக்கின்றார்.

இக்கட்டத்தில் எமது சமூகங்கள் என்ன செய்கின்றன? குரல் கேட்கின்றது என்றால் பேய் பிடித்திருக்கின்றது என்கின்றோம். உணவில் ஏதோ கலந்திருக்கின்றது என்றால் செய்வினை என்கின்றோம். தமிழ்க் குடும்பம் பூசாரியிடம் சென்று நூல் கட்டுவிக்கின்றது. முஸ்லிம் குடும்பம் ஓதிப் பார்ப்பவரிடம் சென்று ஓதிய தண்ணீர் வாங்கிவருகின்றது. இறை நம்பிக்கையை நாம் குறைகூறவில்லை. ஆறுதலுக்காகக் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் செல்வது எவருடைய உரிமையுமாகும். ஆனால் ஐஸினால் ஏற்படும் சித்தக்கலக்கம் பெரும்பாலானோரில், பாவனையை நிறுத்தி உரிய மருந்தும் உறக்கமும் கிடைத்தால் சில நாட்களிலேயே தணியத் தொடங்கும் தன்மையது. சிலரிலேயே அது மாதக்கணக்கில் நீடிக்கின்றது. மீண்டும் மீண்டும் பாவிக்கப் பாவிக்க அந்தச் சிலருள் ஒருவராகும் ஆபத்தும் கூடிக்கொண்டே செல்கின்றது. ஜப்பானிய மனநல மருத்துவர்கள் இன்னொன்றையும் அவதானித்தனர். ஒருமுறை சித்தக்கலக்கத்துக்கு ஆளானவர் நீண்டகாலம் விலகியிருந்த பின்னரும், மிகச் சிறிய அளவு பாவித்தவுடனேயே, சில வேளைகளில் கடும் மனவுளைச்சலின்போது பாவிக்காமலேயேகூட, அதே பழைய பயங்கரம் திரும்பிவிடுகின்றது. நூலிலும் தண்ணீரிலும் கழியும் மாதங்கள் எவ்வளவு பெறுமதியானவை என்பது இதிலிருந்து புலப்படும்.

வைத்தியசாலைக்குப் போகாமைக்கு மூடநம்பிக்கை மாத்திரம் காரணமல்ல. மானம் ஒரு காரணம், சட்டம் மற்றொரு காரணம். 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி, 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தமைக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்காலச் சிறை விதிக்கப்படலாம். 1984 முதல் ஹெரோயினுக்கு இவ்வெல்லை 2 கிராமாக இருந்துவருகின்றது. இலங்கையில் 1976 இன் பின்னர் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்றபோதும், தீர்ப்பின் பயம் பயம்தான். கடன்பட்டுப் பாவிக்கும் இளைஞன் அக்கடனைத் தீர்ப்பதற்காகவே சிறு பொதிகளைக் கைமாற்றுபவனாகவும் ஆகின்றான். வாங்குபவனும் விற்பவனும் ஒருவனேயாகிவிடும் இந்நிலையில், மகனை வைத்தியரிடம் காட்டுவதே அவனைக் காட்டிக்கொடுப்பதாகிவிடுமோ என்று தாய் அஞ்சுவதில் வியப்பில்லை. உண்மையில் 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் ஒருவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெறுவதற்கும் இடமளிக்கின்றது. இவ்வாறொரு வழி இருப்பதை எமது மொழியில் எமது மக்களிடம் எடுத்துச்சொல்வதற்கு அரச நிறுவனங்கள் காட்டிய அக்கறை போதாது என்பதே எமது கருத்தாகும்.

‘புனர்வாழ்வு’ என்ற சொல்லும் தமிழ் மக்களுக்குச் சாதாரணமான சொல்லல்ல. 2009 இல் போர் முடிவுற்றதன் பின்னர் ஆயிரக்கணக்கான முன்னாள் விடுதலைப் புலி உறுப்பினர்கள் முகாம்களில் தடுத்து வைக்கப்பட்டமையும் அதே பெயரால்தான். அந்நினைவு நீங்காதிருக்கையில், 2022 ஜூன் மாத இறுதியில் கந்தக்காடு நிலையத்தில் தங்கவைக்கப்பட்டிருந்த ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து ஏற்பட்ட குழப்பத்தில் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். அம்மரணம் தொடர்பில் படை உறுப்பினர்கள் சிலர் கைதுசெய்யப்பட்டனர். அதே வருடம் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் சவாலுக்குட்படுத்தப்பட்டு, அரசியலமைப்புக்கு முரணானது எனக் காணப்பட்ட பகுதிகள் திருத்தப்பட்ட பின்னரே 2023 ஜனவரியில் நிறைவேறியது. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில் பல்லாயிரக்கணக்கானோர் கைதாகினர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதன் போக்குக் குறித்துக் கவலை வெளியிட்டனர். கடத்தல்காரரைத் தண்டிக்க வேண்டாம் என்று எவரும் கூறமாட்டார். ஆயினும் தாய்லாந்து 2003 இல் போதைப்பொருளுக்கு எதிராகப் ‘போர்’ பிரகடனம் செய்து, சில மாதங்களுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதன் பின்னரும் அங்கே யாபா ஒழியவில்லை. 2021 இல் அந்நாடு தனது சட்டத்தை மாற்றி, பாவனையாளரை நோயாளராக நோக்கும் பாதைக்குத் திரும்பியது.

வழங்கல் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பார்த்தாலும் தெருமுனைக் கைதுகளின் எல்லை புரியும். மியன்மாரின் ஷான் மாநிலம் உலகின் மிகப்பெரிய ஐஸ் உற்பத்தித் தளங்களுள் ஒன்று. 2021 இராணுவப் புரட்சியின் பின்னர் உற்பத்தி மேலும் பெருகியது. கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் 2023 இல் 190 தொன்னும் 2024 இல் 236 தொன்னும் மெத்தம்பெட்டமைன் கைப்பற்றப்பட்டதாக ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் தெரிவித்துள்ளது. ஆப்கானிஸ்தானில் மலைச்செடி ஒன்றிலிருந்தும் இதனைத் தயாரிக்கின்றனர். 2024 நவம்பரில் அந்தமான் கடலில் மியன்மார் படகொன்றிலிருந்து சுமார் 6 தொன்னை இந்தியக் கரையோரக் காவல்படை கைப்பற்றியது. அதே மாதம் அரபிக் கடலில் இலங்கைக் கொடியுடன் சென்ற இரு மீன்பிடிப் படகுகளில் சுமார் 500 கிலோ சிக்கியது. நாலாபுறமும் கடல் சூழ்ந்த நாட்டிற்குள் பலநாள் படகுகள் கொண்டுவருவதைச் சந்தியில் நிற்கும் பொலிஸாரால் தடுத்துவிட இயலாது.

சிகிச்சை உண்டா என்ற கேள்விக்கு நேர்மையாகவே பதிலளிக்க வேண்டும். ஹெரோயினுக்கு மெதடோன் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. ஐஸுக்கு அவ்வாறு அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. 2021 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 403 பேரிடம் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது பலன் கண்டவர்கள் 13.6 சதவீதத்தினர், வெற்று மருந்து பெற்றோரில் அது 2.5 சதவீதம். முன்னேற்றம்தான், ஆயினும் சிறியதே. இதுவரை அதிக பலன் தந்திருப்பது வேறொரு முறை. வாரந்தோறும் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, போதைப்பொருள் இல்லையெனக் கண்டால் சிறு பரிசு ஒன்றைக் கையில் கொடுத்து ஊக்குவிப்பது. ‘குற்றம் செய்தவனுக்குப் பரிசா’ என்று எம்மவர் கேலி செய்யக்கூடும். சிறு இன்பங்களை உணரும் திறனையே இழந்துவிட்ட மூளைக்கு அவ்வின்பத்தை மீண்டும் பழக்கும் பயிற்சி அது. அத்துடன் சிந்தனைப் போக்கை மாற்றும் உளவளத்துணையும் குடும்பத்தின் பங்களிப்பும் சேர்கின்றன.

நம்பிக்கை தரும் செய்தியும் இல்லாமலில்லை. 2001 இல் நோரா வோல்கோவும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்திற்கு மேல் விலகியிருந்தோரின் மூளையில் குறைந்துபோயிருந்த டோபமைன் வாயில்கள் பெருமளவு மீண்டிருந்தமை படங்களில் தெரிந்தது. ஞாபகமும் கைச்செயல் வேகமும் அதே அளவுக்குத் திரும்பவில்லை. ஆக, மூளை ஆறுகின்றது, ஆனால் மெதுவாகவே ஆறுகின்றது. நிறுத்திய முதல் இரு வாரங்கள் உறக்கமும் பசியும் சோர்வுமாகக் கழியும். அதன்பின் வரும் வாரங்களில் கடும் மனச்சோர்வும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் தலைதூக்கலாம். வீட்டார் ‘திருந்திவிட்டான்’ என்று மூச்சுவிடும் அக்காலமே ஆபத்தான காலமாகும்.

அந்த ஒரு வருடத்தைத்தான் எமது குடும்பங்கள் கொடுப்பதில்லை. இரண்டு மாதம் அமைதியாக இருந்தால், ஒரு கலியாணத்தைச் செய்துவைத்தால் பொறுப்பு வந்துவிடும் என்கின்றனர். பெண் வீட்டாருக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை. பழைய சந்தேகம் திரும்பும்போது அதன் முன்னால் தனித்து நிற்பவள் அப்பெண்ணே. அல்லது கட்டார், சவூதி என்று கடன்பட்டு அனுப்பிவைக்கின்றனர். உறவும் மருத்துவரும் இல்லாத இடத்தில், போதைப்பொருள் சட்டங்கள் எம் நாட்டைப் போலவே கடுமையாக உள்ள தேசத்தில், அவன் தடுமாறினால் தாங்கிப்பிடிக்க எவருமில்லை. திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில் பெரியோரும், கோயில் பரிபாலன சபையினரும், பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் இவ்விடயத்தில் ஒரு வார்த்தை கேட்பது தகும்.

இரவில் ஒருவன் அச்சத்தால் வெறிகொண்டு நிற்கும்போது அவனோடு தர்க்கிப்பதால் பயனில்லை. அவனது நம்பிக்கை பொய்யென நிரூபிக்க முயலாமல், தாழ்ந்த குரலில், குறைந்த சொற்களில் பேச வேண்டும். வழியை மறித்து நிற்கக் கூடாது. கத்தி, கோடரி என்பவற்றை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிட வேண்டும். சிறுவரை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும். நெஞ்சுவலி, வலிப்பு, கொதிக்கும் உடல், நினைவு தடுமாற்றம் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் 1990 சுவசெரிய அம்புலன்சை அழைத்து, என்ன பாவித்தான் என்பதை மறைக்காமல் வைத்தியரிடம் கூறிவிட வேண்டும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளில் மனநல மருத்துவப் பிரிவுகள் உள்ளன. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்திலும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். பாவிப்பவர் வர மறுத்தாலும் தாயோ மனைவியோ முதலில் தனியாகச் சென்று மருத்துவரைச் சந்திப்பதற்குத் தடையேதும் இல்லை.